விரிசல் எண் நாற்பத்தேழு

ராச்செஸ்டரில் இந்த இடத்தில் முதலில் ஓடியது கால்வாய்.
தண்ணீரை வடித்துவிட்டு ரயில் விட்டார்கள்.
அந்த ரயில் நின்றபோது நான் பிறக்கவில்லை.
இப்போது நானும் ஒரீசியாவும் நடக்கிறோம்,
நெற்றியில் விளக்கு, கையில் ஆரஞ்சு ஸ்பிரே டப்பா.
நகராட்சி தந்த வேலை விரிசல் எண்ணுவது.

மண் கொட்டித் தூர்ப்பதா விட்டுவைப்பதா என்று
மேலே, ஜன்னல் உள்ள ஓர் அறையில்
எங்கள் பட்டியலைப் பார்த்து முடிவெடுப்பார்கள்.

பிப்ரவரி.
கூரை ஒழுகி, ஒழுகியது உறைந்து
தலைக்கு மேல் ஈட்டி ஈட்டியாய்த் தொங்குகிறது பனி.
வளைவுகளுக்கு அந்தப் பக்கம் ஜெனசீ ஆறு
தன்பாட்டுக்கு இரைகிறது.

சுவரில் வெற்றிடம் என்று ஒரு கையகலம் கிடையாது.
பந்துவிளையாட்டுச் செருப்பு மாட்டிய ஆந்தை.
யாராலும் படிக்க முடியாதபடி
உப்பி, புரண்டு, ஒன்றின்மேல் ஒன்று கால் போட்டுத் தூங்கும் எழுத்துகள்.
மன்னித்துவிடு டுவெய்ன், என்று ஒரு தூணில்.
அடுத்த தூணில், வேறு நிறத்தில்,
முடியாது.

தட்டிப் பார்த்த இடத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது.
திருப்பிப் பார்த்தேன்:
சிமெண்ட் இல்லை, முழுக்கப் பெயிண்ட்,
விரல் தடிமன்.
வெட்டுவாயில் சிவப்பு, வெள்ளி, கறுப்பு, மறுபடி சிவப்பு...
முப்பத்தெட்டு வரை எண்ணி விட்டுவிட்டேன்.
சுவர் இருந்தால்தானே சித்திரம் என்பார்கள்.
இங்கே எது எதைத் தாங்குகிறதென்று
எங்கள் படிவத்தில் கேள்வி இல்லை.
சில்லை ஜேபியில் போட்டுக்கொண்டேன்.

நாற்பத்தேழாவது விரிசலுக்கு அருகே ஒருத்தி
முதுகைக் காட்டி வரைந்துகொண்டிருந்தாள்.
ஏய், என்றாள் ஒரீசியா.
ஏய் தூண்களைச் சுற்றிவிட்டு எங்களிடமே திரும்பி வந்தது.
அவள் அசையவில்லை.
என் நிழல் அவள் சுவரில் ஏறியபோதுதான் திரும்பினாள்,
காதைத் தொட்டாள், தலையை ஆட்டினாள்,
போனை எடுத்துத் தட்டச்சினாள்:
நான் யாரிட்ஸா. விளக்கைத் தாழ்த்துங்கள்.
கண்ணில் வெளிச்சம் அடித்தால்தான்
எனக்குக் காது கேட்காது.

தாழ்த்தினேன்.
சுவரெல்லாம் கைகள். மணிக்கட்டோடு நிற்கும் கைகள்,
மடக்கிய விரல், நீட்டிய விரல், கட்டைவிரலை விழுங்கிய முஷ்டி.
ஒவ்வொரு கையும் ஓர் எழுத்தாம்.
என்ன வார்த்தை என்று கேட்டேன்.
இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது, என்றது போன்.

பிறகு அவள் என் ஆரஞ்சு எண்ணைக் காட்டினாள்.
சொன்னேன். மண், லாரி, பட்டியல், ஜன்னல் அறை.
மூடிவிடுவார்களா?
தோளைத் தூக்கி இறக்கினேன்.
அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தட்டச்சினாள்:
உங்கள் ஏழு கோணலாக இருக்கிறது.

அடுத்த செவ்வாய் அளக்கப் போனோம்.
ஆளில்லை. பெயிண்ட் வாடை மட்டும் குளிரில் விறைத்து நின்றது.
நாற்பத்தேழை அவள் மறைக்கவில்லை.
இரண்டு பக்கமும் கைகள்,
கறுத்தவை, வெளுத்தவை, ஒன்றில் ஆறு விரல்,
நகம் வெளுக்க விரிசலின் உதடுகளைப் பற்றியிருக்கின்றன.
இழுத்து மூடுகின்றனவா
பிளந்து வெளியே வரப் பார்க்கின்றனவா,
ஒரீசியா ஒன்று சொன்னாள், நான் மற்றது.
ஏழு நிமிர்ந்திருந்தது.

அளவுகோலை வைத்தேன். மூன்று மில்லிமீட்டர்.
போன வாரமும் மூன்று.
குறிப்பு என்ற கட்டத்தில்
பிடிமானம் உண்டு என்று எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி அதையே எழுதினேன், சற்றுச் சின்னதாக.

நாற்பத்தெட்டு, என்றாள் ஒரீசியா இருட்டுக்குள்ளிருந்து.
நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு, என்றன தூண்கள்.