சங்கிலியின் மறுமுனை

பாலை மரத்தில் ஆணி அறைந்து
துரை கொப்பியில் ஏதோ எழுதினான்.
கனகராயன் ஆறு தாண்டி ஆறாம் நாள்.
சங்கிலியின் மறுமுனை என் கையில்.

எங்கள் குளத்தைச் சுற்றி
மூன்று தரம் நடத்தினேன்,
யானைக்குப் போவதுபோல, காற்றுக்கு எதிர்ப்பக்கம்.
முதிரைக் காடு, தண்ணி இல்லை என்றேன்.

இரவு தவளைகள் தொடங்கின.
துரை விளக்கைத் தூக்கினான்.
கயிலாயன் இருமினான்.
மழைத் தவளை, என்றேன்.
ஆவணி. ஒரு முகில் இல்லை.

படத்தில் அந்த இடம் வெள்ளை.
வரி கேட்டு எவனும் வரவில்லை.

பஞ்ச வருசம்
கச்சேரி அரிசி வண்டிகள்
படத்தைப் பார்த்துப் பார்த்து வந்து
ஒலுமடுவோடு திரும்பின.

உமையாத்தை என்னோடு பேசவில்லை.
அல்லிக்கிழங்கு தோண்டக்
குளத்துக்குள் இறங்கினாள்,
கால் நனையாமல்.