ஏழாவது பாட்டு

எங்களுக்கென்று ஓர் ஆல்பம் கிடையாது.
செக்காலை ரோட்டில் பஞ்சர் கடை மூடிய பிறகு
ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டு
இரண்டரை நிமிஷத்தில் முடிகிற கோபங்களை
அடித்தோம், கத்தினோம்.
கொப்பாத்தாள் பாடுவாள். ஜியாவுதீன் கிட்டார்.
டிரம்ஸ் நான்,
பகலில் கூட்டுறவு வங்கியில் நகை எடை போடுகிறவன்.
குழுவின் பேர் கொத்துச்சாவி.

முதலில் கேட்டது ஒரு பெங்களூர்க்காரன்.
பதினெட்டுக் குழுக்கள், ஒரே சிடி.
நாங்கள் ஏழாவது.
அட்டையில் 'கொத்தவால்சாவடி' என்று அச்சாகியிருந்தது.
அடுத்த பதிப்பில் திருத்துகிறேன் என்றான்.
அடுத்த பதிப்பு வரவில்லை.

பிறகு ஒரு வெள்ள நிவாரணத் தொகுப்பு.
ஜெர்மனியில் நூறே நூறு கேசட்;
எங்களுக்கு ஒன்று வந்தது,
போட்டுக் கேட்க டேப் இல்லை.
ஸ்கேட்டிங் பையன்கள்
விழுந்து விழுந்து எழும் ஒரு குறும்படம்.

பங்கு வீடு பார்த்திருப்பீர்கள்.
நாற்பது புள்ளிக்கு ஒரே வீடு,
ஆளுக்கோர் அறை, அறைக்கொரு பூட்டு.
அப்படித்தான் குடியிருந்தோம்.
பக்கத்து அறையில் கோஹிமாக்காரர்கள்;
சுவர் வழியாகக் கேட்டதோடு சரி.

சினிமாவிலிருந்து போன் வந்தபோது
கொப்பாத்தாள் மூன்று தரம் 'என்னது' என்றாள்.
கானாடுகாத்தானில் வாடகைக்கு எடுத்த வீட்டில் நடக்கிற கதை.
அவர்கள் கேட்ட பாட்டு,
அவள் அம்மா கூட்டிப் பெருக்கிய வீட்டைப் பற்றியது:
நூத்தியிருபது கதவு, ஒத்தக் கக்கூசு,
பெருக்க வந்தவளுக்கு அதுவும் பூட்டு.
வரி போக மூவாயிரத்து அறுநூறு கொடுத்தார்கள்.

காரைக்குடியில் இரண்டாம் ஆட்டம்.
இடைவேளைக்குப் பிறகு
நாயகன் கார் ரேடியோவைத் திருகுகிறான்.
நாங்கள்!
என் நாலு தட்டு, ஜியாவின் கிட்டார்,
கொப்பாத்தாள் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்கூட.
அணைத்துவிட்டான்.

பதினோரு செகண்ட்.
ஒரு கதவும் திறக்கவில்லை.

ஜியா சிரித்தான்.
கொப்பாத்தாள் இழுத்த மூச்சை
இன்னும் விடாததுபோல் உட்கார்ந்திருந்தாள்.
என் கைகள் மட்டும் நிற்காமல்
முன் சீட்டின் முதுகில் ஓடிக்கொண்டிருந்தன.
அதில் இருந்தவர் திரும்பினார்.
"பாட்டு முடிஞ்சிருச்சு தம்பி."

"இல்லண்ணே.
இன்னும் ரெண்டு நிமிசம் பத்தொம்பது செகண்டு இருக்கு."

அவர் என் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்,
கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.