மகஜர், இனம் 7

இனம் 1: மடிக்கணினி, கறுப்பு, மூடியில் கீறல்.
இனம் 4: பைக் சாவி, வளையத்தில் அழகர் படம்.
ஏழுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

வில்லாபுரம் ஹவுசிங் போர்டு, இரண்டாவது மாடி.
கோதுமை மாவு டப்பாவுக்குள்
பாலிதீன் சுற்றிய காலண்டர் தாள்.
பின்பக்கம் பென்சிலில்
பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தை.
"இதுதான் பணம்" என்றார் இன்ஸ்பெக்டர்.
"எவ்வளவு மேடம்?"
"ரெண்டு கோடி. இன்னைக்கு விலைக்கு."

எடை என்று எதைப் போட? நிறம்? அடையாளக் குறி?
கஞ்சா என்றால் கிராம் கணக்கு.
ஆடு என்றால் காதில் வெட்டு இருக்கும்,
கோர்ட்டுக்குப் போகிறவரை தழையும் நாங்களே போடுவோம்.
மேலூர்ப் பக்கம் கைப்பற்றிய கற்கள்
நம்பரோடு வெயிலில் கிடக்கின்றன,
ஒன்றும் ராத்திரியில் எழுந்து போய்விடவில்லை.

சோணைமுத்து சுவரோரம் குத்தவைத்திருந்தான்.
மாதம் பதினெட்டு சதவீதம் என்று
நூற்று நாற்பத்து மூன்று பேரிடம் வாங்கியவன்.
அழவில்லை.
"ஸ்பெல்லிங் பாத்து எழுதுங்க ஏட்டம்மா" என்றான்.
வராண்டாவில் யாரோ கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள்,
தட், தட், தட்.

மகஜர் தமிழில்தான் இருக்க வேண்டும், உத்தரவு.
தமிழிலேயே எழுதினேன்.
மாம்பழம். குடை. அனாதை. உப்பு. ஆறு.
இப்படியே பன்னிரண்டும்.
சாட்சிகள் கீழ்வீட்டு அயர்ன்காரர், ஜெராக்ஸ் செபமாலை.
வாசித்துக் காட்டினேன், சரியென்று ஒப்பமிட்டார்கள்.
நகல் ஆறு எடுத்தோம், செபமாலை கடையிலேயே.

கைப்பற்றியதைப் போட்டு வைக்க
துறைக்கென்று ஒரு வாலட் வேண்டுமாம்.
கடிதம் போனது.
நினைவூட்டு போனது.
நினைவூட்டுக்கு ஒரு நினைவூட்டு.

செல்லூர் மாவுக்கடை பெரியநாயகி
செவ்வாய்தோறும் வந்து பெஞ்சில் உட்காருவாள்,
முழங்கைவரை உளுந்து வாசம்.
"கைப்பத்தியாச்சுல்ல, எடுத்துக் குடுக்க வேண்டியதுதான?"
"கொஞ்சம் ஆறுங்கம்மா" என்பேன்.
வேறென்ன சொல்ல.

ஐப்பசி மழையில் சொத்து அறை ஒழுகியது.
தாள் கூழாகிவிட்டது.
பதினாலு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு பையன் வந்தான்,
நிபுணராம், மீசைகூட சரியாக முளைக்கவில்லை.
என் கையெழுத்தில் விரல் வைத்துக் கேட்டான்:
"இந்த ஆறு, ரிவரா, சிக்ஸா?"
எனக்கு நினைவில்லை.
நீரே இல்லாத ஒன்றை
தினம் இரண்டு முறை பாலத்தில் கடந்து
ஆறு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சிக்ஸ் போட்டான், திறக்கவில்லை.
ரிவர் போட்டான்.
திறந்தது.

உள்ளே ஒன்றுமில்லை.
கைதான மூன்றாம் நாள், பின்னிரவு இரண்டு நாற்பதுக்குப் போயிருக்கிறது.
அப்போது அவன் மத்தியச் சிறையில்.
படித்தவர்கள் எல்லாரையும் விசாரித்தார்கள்.
என் பாஸ்புக், என் கணவர் பாஸ்புக்,
மகளுக்கு எடுத்த கம்மலின் பில்கூட.
செபமாலை கடையை மூடிவிட்டுத் தூத்துக்குடி போய்விட்டார்.
பயத்திலா, இல்லையா, தெரியாது.

நேற்று ராத்திரி பாத்திரம் விளக்கும்போது
குழாய்த் தண்ணீர் தட்டில் விழுந்தது,
தட், தட்.
அந்தக் கயிறு.
அந்தக் குழந்தை, தன்ஷிகா, ஒண்ணாம் வகுப்பு:
'மேங்கோ அம்ப்ரெல்லா
ஆர்ஃபன் சால்ட்
ரிவர் ரிவர்' என்று மூச்சு வாங்க.
ஸ்கூல் ரைம்ஸ் என்று நினைத்தேன்.
நல்லாப் பாடுறியே என்று
அஞ்சு ரூபாய் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்.
கதவோரம் நின்ற அவள் அம்மா
அப்போதுதான் முதல்முறையாக
என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இன்று கூடுதல் அறிக்கைத் தாள் மேசையில்.
'இனம் 7, தற்போது இருக்கும் இடம்:'
'ஒரு' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.
வெளியே பெஞ்ச் கிரீச்சிடுகிறது.
செவ்வாய்.
"ஏட்டம்மா, இன்னைக்காச்சும்?"
பேனா மூடியை எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன்.