பத்தில் எத்தனை

மருந்து இரண்டு. இரண்டுமே தண்ணீர் நிறம்.
ஒட்டிய உறையைக் கலைவதனி மிஸ் உடைப்பா,
ஊசியில் ஏற்றுவா,
'அ' என்றோ 'ஆ' என்றோ பிளாஸ்டர்த் துண்டில் எழுதி ஒட்டித் தருவா.
எது எதென்று எனக்குத் தெரியக்கூடாது.
ஆறு மாதமாய்
களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில்
தெரியாமல் இருப்பதுதான் என் வேலை.

நோவு பத்தில் எத்தனை?
வந்ததும் ஒருக்கால் கேட்பேன்,
பிறகு அரை மணியில், ஒரு மணியில், இரண்டு மணியில்.

மண்டூரிலிருந்து பாதையில் வந்த புவிராணி
வாவி பாதி கடக்குமுன் இரண்டுதரம் சத்தி எடுத்தவள்,
முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டாள்:
"பத்தெண்டா எது டொக்டர்?
புள்ளப்பேறு பத்தா? அப்ப இது பதினொண்டு.
அது முடிஞ்சா கையில ஒரு புள்ளயாவது இருக்கும்."
என் தாளில் பதினொன்றுக்குப் பெட்டி இல்லை.
பத்து என்று எழுதினேன்.

ரியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கும் சதாகரன் மாஸ்டர்
"ஆறு தசம் ஐந்து" என்றார்.
பொட்டில் நரம்பு மண்புழுவாய்த் துடித்தது.
ஒரு மணியில் தலையிடி இல்லை.
கால் நிற்கவில்லை.
இருக்கிறார், எழும்புகிறார், செருப்பைத் தேடுகிறார்,
"தோலுக்குள்ள ஆரோ நடக்கிறாங்க,
தலையிடியத் திருப்பித் தந்திருங்க" என்கிறார்.
அந்தக் கணம் எந்த மருந்தென்று எனக்குத் தெரிந்துபோகிறது.
தெரியாதவள்போல் பூச்சியம் போடுகிறேன்.
பக்கத்தில் சின்ன எழுத்தில்: அமைதியின்மை.
சின்ன எழுத்துக்குச் சராசரி எடுப்பதில்லை.

மற்ற ஊசி உறங்க வைக்கும்.
மருதமுனை நசீஹா வாய் திறந்து உறங்கினா.
இரண்டு மணி ஆனால் எழுப்பிக் கேட்க வேண்டும், அது விதி.
கணவர் குறுக்கே கை நீட்டினார்.
விதியைச் சொன்னேன். தோளைத் தொட்டேன்.
"எத்தனையா?
நீங்க எழுப்புமட்டும் ஒண்டுமில்ல."

பிறகு அந்த வெள்ளிக்கிழமை கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது.
பதினேழு நிமிடம்
தாளும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை.
மூன்று கட்டிலிலும் மூச்சு மட்டும்,
ஒவ்வொன்றாய் நீண்டு, இறங்கி.
தெருவில் ஒரு லொறி. அதற்குப் பின்னால் கடல்.
நான் எவரிடமும் எதுவும் கேட்கவில்லை.
வெளிச்சம் வந்தபோது மூன்று கையும்
ஒரே நேரம் கண்ணை மூடின.
"அத நூத்துங்ககா" என்றது ஒரு குரல்.
யார் என்று பார்க்கவில்லை.
நெறிமுறைப் பிறழ்வு, பதினேழு நிமிடம், என்று எழுதினேன்.

எண்பத்துநாலு பேர். கூட்டிக் கழித்தாயிற்று.
இரண்டு ஊசிக்கும் இடையில் தசம் எட்டு.
"ஒன்றுக்குக் கீழே என்றால் நோயாளிக்கு உணராது"
என்றார் கொழும்பில் கணக்குப் பார்த்தவர்.
அவருக்குத் தலையிடி வருவதில்லை போலும்.

தாளின் அடியில் ஒரு கேள்வி இருந்தது,
இடம் மிஞ்சியதால் நான் சேர்த்தது:
அடுத்தமுறையும் இதே மருந்து தரலாமா?

பூச்சியத்தில் வீடு போன மாஸ்டர்
'வேண்டாம்' என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார்.
புவிராணிக்கு இரண்டு மணியிலும் மூன்று மிச்சம்.
'ஓம்.'
ஏன் என்ற இடத்தில், கோணல் எழுத்தில்:
கடைசிப் பாதை பிடிக்கலாம்.

அவள் அன்று போன விதம் ஞாபகம் இருக்கிறது.
முந்தானையை அவிழ்த்து உதறி, இடுப்பில் செருகி,
அந்த மூன்றையும் தலையில் வைத்துக்கொண்டு
குருமண்வெளித் துறைக்கு ஓட்டோ பேசிக்கொண்டிருந்தாள்,
இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி.

நான் ஸ்டூலில் ஏறி
ஒன்பதாம் கட்டிலின் ரியூப்லைட்டைக் கழற்றினேன்.
கை சுட்டது.
அதற்கு உறையும் இல்லை, எழுத்தும் இல்லை.