கடோலினியம் சாட்சி

சாஸ்கடூனில் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பேஸ்மென்ட் வீட்டில் மூன்று சட்டைக்குள் நான்.
தெர்மோஸ்டாட் மேலே இருக்கிறது,
வீட்டுக்கார ஹ்ரிஞ்சுக்கின் ஆளுகையில்.
"இருபத்திரண்டில்தான் வைத்திருக்கிறேன்" என்பார்.
எப்போது கேட்டாலும் அதே எண், அதே இருமல்.

ஆகவே ஒரு சாட்சியை அழைத்து வந்தேன்.
ஆய்வுக்கூடத்தில் அறுத்ததுபோக மிஞ்சிய
கடோலினியம், கட்டைவிரல் நகமளவு.
கேட்டுத்தான் எடுத்தேன்.
வந்த அன்று வெள்ளிபோல் இருந்தது;
இந்த வீட்டு ஈரத்தில் சில நாளிலேயே
கழுவாத கரண்டியின் நிறம்.

இதன் குணம் இப்படி:
இருபது டிகிரிக்குக் கீழே
இரும்பைப் போலக் காந்தத்தைப் பற்றும்.
தாண்டினால் கைவிடும்.
ஒவ்வோர் அணுவிலும் ஏழு எலெக்ட்ரான்கள், ஜோடி சேராதவை.
குளிரில் ஏழும் ஒரே திசை பார்க்கும்,
பக்கத்து அணுவின் ஏழும், அதற்கடுத்ததும்.
சற்றே சூடேறினால்
சந்தை கலைந்த மாதிரி
ஆளுக்கொரு பக்கம்.
இரும்பைக் கலைக்க உலை வேண்டும்.
இதற்கு ஓர் உள்ளங்கை போதும்.

அலமாரியின் அடியில் காந்தம்,
காந்தத்தில் தொங்கும் துண்டு,
நேர் கீழே எவர்சில்வர் தட்டு.

திங்கள் விழவில்லை. செவ்வாய் விழவில்லை.
புதன் இட்லி ஆவியில் ஒருமுறை விழுந்தது,
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
வியாழன் மாலை அவரைக் கீழே கூப்பிட்டேன்.

கம்பளிக் கோட்டோடு வந்தார், வீட்டுக்குள்ளேயே.
சாட்சியைக் காட்டிச் சட்டம் பேசினேன்.
துண்டைப் பிடுங்கிக் கைக்குள் மூடியபடி
பெயர் கேட்டார். சொன்னேன்.
"ஓக்சானாவின் நரம்பில் இதைத்தான் ஏற்றினார்கள்,
ஸ்கேனில் கட்டி தெளிவாகத் தெரிய.
தெரிந்தது."

அது இந்த உலோகமல்ல,
கூண்டுக்குள் அடைத்த அயனி என்று
திருத்த வாயெடுத்தேன்.
விட்டுவிட்டேன்.

துண்டைக் காந்தத்தில் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை.
அவர் கைச்சூடு இன்னும் அதில் இருந்தது.
"கெட்டுப்போய்விட்டதா?"
"இல்லை. கொஞ்ச நேரம் ஆகும்."
அலமாரியின் முன் இரண்டு பேரும் நின்றோம்,
அது ஆறட்டும் என்று.
எரிவாயு பில் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை,
நானும் இருபத்திரண்டைப் பற்றி.
ஒட்டியதும் படியேறிப் போனார்.

வெள்ளி விடியல், ஐந்து ஐம்பது.
சுவருக்குள் குழாய்கள் முனகின. பிறகு
தட்டில் டங்கென்று ஒரு சத்தம்.

எழுந்து பார்க்கவில்லை.
ஒரு சட்டையைக் கழற்றிவிட்டுத்
திரும்பிப் படுத்தேன்.