நூறு கண்ணி

கோர்ட்டில் என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.
நூறு கண்ணிச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடிக்க
மாதம் ஐந்தரை ரூபாய் வாங்குகிறவன் நான்.

அஞ்செட்டிக்கு மேற்கே, தொட்டல்லா தாண்டி,
ஊசிலை மரங்கள் முடிகிற மேட்டில் ஒரு கல்.
இந்தப் பக்கம் சேலம் ஜில்லா,
கெம்பியின் தலைக்கு ஐம்பது ரூபாய்.
அந்தப் பக்கம் மைசூர்,
அங்கே அவளுக்கு அண்ணன் பெண்டாட்டி, இரண்டு எருமை,
தலை வாரிக்கொள்ள நேரம்.

கெம்பி என்றால் சிவந்தவளாம்.
அவளோ கரிமூட்டம் பிரித்த கை மாதிரி இருப்பாள்.
முன்பல் சந்தில் ஒரு கேழ்வரகு நுழையும்.
சாராயக் குத்தகைக்காரனின் கழுதைகள்,
கர்ணம் கொண்டுபோன கிஸ்திப் பை,
காட்டிலாகா கார்டு கழற்றிவைத்த பூட்ஸ்
(ஒற்றைக் கால்தான்; மற்றது யானைத் தடத்தில் கிடந்தது)
எல்லாம் அவள் கணக்கு.
கூட இருந்தது சிக்கதாயி, ஊமை வெங்கி.
ஆண்பிள்ளை ஒருவனும் இல்லை என்பதை மட்டும்
இன்ஸ்பெக்டரால் எழுத முடியவில்லை.
ரிப்போர்ட்டுக்கு ரிப்போர்ட்
"பின்னால் ஒருவன்" என்று
யாரையோ பெற்றுப் போட்டுக்கொண்டிருந்தார்.

துரத்தி வரும் கான்ஸ்டபிள்கள் கல்லைக் கண்டதும் நிற்பார்கள்.
பத்து முழம் தள்ளி உட்கார்ந்து
ஈர்கோலியால் சிக்கெடுத்தபடி
"தண்ணி வேணுமா சாமி" என்பாள்.
வாங்கிக் குடித்தவர்களும் உண்டு.

ஆடியில் ஒரு ராத்திரி
கல் கிழக்கே அரை மைல் நடந்தது.

ஒரு கான்ஸ்டபிளுக்கு மட்டும்
வழி சுருங்கினாற்போலத் தோன்றியது. மனு போட்டார்.
ஆவணியில் சர்வே துரை வந்தார்,
மலைக்காய்ச்சலோடு, குடைக்குக் கீழே.
அஞ்செட்டிப் பாறைக் குறியிலிருந்து கல் வரைக்கும்
இருநூற்றுப் பத்துச் சங்கிலி என்றது பழைய புத்தகம்.
பத்துச் சங்கிலிக்கு ஒரு புளியங்கொட்டை,
என் இடுப்புப் பையில்.

கல்லடிக்குப் போய்க் குனிந்தேன்.
இழுத்த தடத்தை முள்கட்டு வைத்துத் துடைத்திருந்தார்கள்.
ஆனால் குழி மண்ணில் கரையான் ஏறவில்லை.
முப்பது வருஷக் கல்லுக்கடியில்
கரையான் இல்லாமல் இருக்குமா?
அப்பால் எருது உழுத புதுச் சால்.
ஒரு குழந்தை கேழ்வரகு முளைக்குக்
குருவி ஓட்டிக்கொண்டிருந்தது.

பையில் பதினேழு கொட்டை.
துரைக்கு எண்ணிக் கொடுத்தது இருபத்தொன்று.

அவளுக்கு என் முகமே தெரியாது.
என் அப்பன் அரை ஏக்கர்
இதே சங்கிலியில்தான் ரிசர்வ் காட்டுக்குள் போனது.
அன்றைக்கும் முனையைப் பிடித்திருந்தது நான்.
அப்பன் வாய்க்கால் ஓரம் நின்று
"சங்கிலியை விறைப்பா பிடிடா, கையெழுத்து போடறவன் பாக்கறான்" என்றார்.

மைசூர் அமீன் அந்தப் பக்கமிருந்து அளந்தார்.
நாற்பது சங்கிலி கூடுதல் வந்தது.
பிறகு இரண்டு சர்க்காரும் கடிதம் எழுதின.
இது உங்களுடையதோ என்றார்கள்.
தங்களுடையதாகவும் இருக்கலாம் என்றார்கள்.
கிஸ்தி கேட்க இரண்டு பக்கத்திலும் ஆளில்லை.
வரப்போரம் பேயெள்ளு மஞ்சளாய்ப் பூத்தது.
அந்த ஐந்து மாதம்
எந்தக் கழுதையும் களவு போகவில்லை.

கார்த்திகையில் கடிதங்கள் ஒத்துப்போயின.
கதிர் தலை சாய்ந்திருந்தது, பாதி அறுத்தாகிவிட்டது.
சிக்கதாயி ஓடினாள். வெங்கி குழந்தையோடு ஓடினாள்.
கெம்பி நிமிர்ந்து பார்த்துவிட்டு
அடுத்த பிடியை அறுத்தாளாம்.
விலங்கு போட அரிவாளைத்தான் முதலில் பிடுங்க வேண்டியிருந்தது.

கொள்ளை பதினொன்றுக்கும் சாட்சி இல்லை.
சர்க்கார் கல்லை அசைத்ததற்கு மூன்று வருஷம்.
அளவு எப்படி ஒத்துவந்தது என்று
ஜட்ஜ் ஒருமுறை கேட்டார்.
துரை அப்போது கப்பலில் இருந்தார்.

அன்றிரவு பையைக் கவிழ்த்தேன்.
எந்த நான்கு பொய் என்று தெரியவில்லை,
எல்லாம் ஒரே கருப்பு, ஒரே வழவழப்பு.
இருபத்தொன்றையும் வறுத்துத் தின்றேன்.