முப்பத்திரண்டு கிலோ நானூறு

ஹம்தியின் அட்டைப்பெட்டியைக்
கொக்கித் தராசில் மாட்டித் தூக்கினோம்.
முப்பத்திரண்டு கிலோ நானூறு.
விமானத்துக்கு முப்பதுதான்.
சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
பதினான்காம் நம்பர் அறை.
ஏசிக்கு அடியில் ஒரு பெயின்ட் டப்பா
சொட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

தராசு பொய் சொல்கிறது என்றேன்.
ஹம்திக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.
தராசு எங்களுடையது.
செத்தவன் நெஞ்சை ஒரு தட்டில் வைத்து
மறுதட்டில் இறகை வைத்து
நிறுத்துப் பார்த்த ஜனம் நாங்கள்.

பெங் தராசைப் புரட்டிக் காட்டினான்.
முதுகில் அவன் நாட்டின் பெயர்.
பேட்டரியிலும் அதே.
அட்டைப்பெட்டி என்ன? காகிதம்.
காகிதம் யார்?
அவனுக்கு அரபியில் எழுபது வார்த்தை தெரியும்,
அதில் 'யார்' மட்டும் சத்தமாக வரும்.

வெல்டர் அல்லாதினோ லார்கானாக்காரன்.
தராசு கிடக்கட்டும், எடைக்கல் வேண்டாமா?
எங்கள் வயலுக்குப் பக்கத்து மேட்டில்
நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக் கல்,
ஒன்று இரண்டு நாலு எட்டு என்று
இரட்டித்துக்கொண்டே போகும்,
மயிரிழை பிசகாது.

அங்கேதான் நான் வாயைக் கொடுத்தேன்.
அது எங்கள் ஆட்கள் செதுக்கியது.
எந்த ஆட்கள்?
தமிழர்கள். இல்லை, அவர்களுக்கும் முந்தியவர்கள்.
இல்லை, அந்த மாதிரி.
என் மேட்டில் கிடக்கிற கல்லுக்கு
அறந்தாங்கியிலிருந்தா வருவாய்
பட்டா கேட்டு?

வாசலில் வண்டிச்சாவியைச் சுழற்றிக்கொண்டு
கல்ஃபான் சிரித்தான்.
நீங்கள் எல்லாரும் எடை போட்டதே எங்கள் செம்பைத்தான்.
மேற்கே வாதியில் தோண்டிய குழி அப்படியே இருக்கிறது.
பழைய பாக்கி ஏதாவது இருந்தால்
இன்றைக்கே தீர்த்துவிடலாம்.

பெட்டிமேல் மார்க்கரால்
வீட்டு ஃபோன் நம்பர் எழுதினான் ஹம்தி.
அந்த எண்களை அவர்கள் ஹிந்தி என்பார்கள்.
ஆறு வருஷமாக என்னையும்
ஹிந்தி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
அவற்றைப் படிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது,
அதற்குள் இரண்டு தடவை தப்பு பஸ் ஏறினேன்.
இருந்தாலும் விடவில்லை.
பூஜ்யம் நாங்கள் என்றேன்.
அவர்கள் பூஜ்யம் வெறும் புள்ளி.
இதுதானே, என்று அட்டையில்
ஒரு குத்து குத்திக் காட்டினான்.

இரண்டு கிலோ நானூறு வெளியே வரவேண்டும்.
பால்பவுடர் ஒரு டப்பா வந்தது.
டார்ச் லைட் வந்தது.
மகளுக்கு வாங்கிய ஷூ வந்தது,
ஒரு நிமிஷம் கட்டில்மேல் இருந்தது,
திரும்ப உள்ளே போனது.
கடைசியில் அவனுடைய போர்வை வந்தது.
சரியாக முப்பது.
அதுவரை எல்லாரும் பேசாமல் இருந்தோம்.

நைலான் கயிறு கொண்டுவந்த
வாட்ச்மேன் டம்பர் பகதூர்
பெட்டியைச் சுற்றிக்கொண்டே கேட்டான்:
முடிச்சு யார் போட்டது, முதன்முதலில்?

யாரும் வாய் திறக்கவில்லை.
கயிறு மக்கிப்போகும்.
தோண்டுகிறவனுக்கு முடிச்சு அகப்படாது.
நானும் யோசித்தேன்.
தாலி கட்டிய பத்தொன்பதாம் நாள் விமானம் ஏறினேன்.
மூன்று முடிச்சில் இரண்டை அக்கா போட்டாள்,
என்னுடையது என்று சொல்ல
ஒன்றுதான் இருக்கிறது.

கயிறு நழுவியது.
நடுவில் விரல் வை என்று
யாரிடம் சொன்னேனோ தெரியவில்லை,
மூன்று விரல் வந்தது.
எடு எடு என்று கத்தினேன்.
பெங்கின் விரல் மட்டும் மாட்டிக்கொண்டது,
எழுபதில் இல்லாத ஒரு வார்த்தை சொன்னான்,
எல்லாருக்கும் புரிந்தது.

மறுபடி கொக்கியில் மாட்டித் தூக்கினோம்.
முப்பது கிலோ இருநூறு.
கயிற்றை யாரும்
கணக்கில் சேர்க்கவில்லை.